உடைந்துபோன மூன்றாம் எண் குளோ பிளக்

கடந்த ஞாயிறு மாலை நான்கு மணியளவில், பதினொரு நாளாக எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டுக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்த ஒரு விரல் நீள இரும்புத் துண்டு, பாட்டில் மூடி கழன்றது போன்ற ஒரு சிறிய சத்தத்துடன் மேலே ஏறி வந்தது. டீசல் எஞ்சின் குளிரில் கிளம்ப எரியறையைச் சூடாக்கும் குளோ பிளக் ஒன்றின் உடைந்த பாகம் அது. அதை வெர்னியரில் அளந்து பார்த்த கையோடு இந்தப் பதிவை எழுதத் தொடங்கினேன். அளவுகளும் செய்த தவறுகளும் நினைவில் இருக்கும்போதே குறித்துவைத்தால், இதே நிலையில் மாட்டிக்கொள்ளும் வேறு எவருக்காவது உதவக்கூடும்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய வடிவமைப்பில் வந்த பழைய கார், 1.9 லிட்டர், நான்கு சிலிண்டர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி யூனிட் இன்ஜெக்டர் (எரிபொருளைப் பீய்ச்சும் கருவி), அலுமினிய ஹெட். குளோ பிளக்கின் மரை எம்10 (10 மி.மீ. விட்டம்), பிட்ச் எனப்படும் மரை இடைவெளி 1 மி.மீ, தலையில் 10 மி.மீ. அறுகோணம். நான் மெக்கானிக் அல்லன். நீலகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின் பராமரிப்பு பார்ப்பவன். ஆகவே கிளாம்ப் மீட்டரும் மல்டிமீட்டரும் என்னிடம் உண்டு, எஞ்சின் வேலைக்கான பொறுமை மட்டும் இப்போதுதான் வந்திருக்கிறது.

இதே வண்டியைக் கோயம்புத்தூரில் வைத்திருந்த எட்டு ஆண்டுகளும் குளோ பிளக் என்று ஒன்று இருப்பதையே நான் எண்ணிப் பார்த்ததில்லை. இவ்வகை எஞ்சினில் குளிர்நீரின் வெப்பநிலை 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால்தான் குளோ பிளக்குகளுக்கு மின்சாரமே போகும் என்பதால், சமவெளியில் அவை இருந்தாலும் ஒன்றுதான், செத்தாலும் ஒன்றுதான். ஊட்டிக்கு மாற்றலாகி வந்த பிறகு கதை வேறாயிற்று. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. ஜனவரி அதிகாலையில் புல் மேல் உறைபனி படிந்திருக்கும். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் மூன்று காலில் நொண்டுவது போல் உலுக்கிக்கொண்டு எழுந்து, அரை நிமிடம் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டுத்தான் சீராகும். ஸ்கேனரில் பி0673 என்ற பிழைக்குறி வந்தது. அதாவது மூன்றாம் சிலிண்டரின் குளோ பிளக் சுற்று. கனெக்டரைப் பிடுங்கி ஒவ்வொரு பிளக்கின் முனைக்கும் ஹெட்டுக்கும் இடையே மின்தடையை அளந்தேன். ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவை 0.7 முதல் 0.9 ஓம் வரை காட்டின. மூன்றாவது எதுவுமே காட்டவில்லை. உள்ளே சுருள் அறுந்திருந்தது.

நான்கையும் சேர்த்தே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். இப்படிப்பட்ட பிளக்குகளை மாட்டும்போது 15 நியூட்டன் மீட்டர் (திருப்பு விசையின் அலகு) இறுக்கம் போதும். கழற்றும்போது எம்10 மரைக்கு 35 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதற்கு மேல் உடைந்துவிடும் என்று பிளக் தயாரிப்பாளர்களே அச்சிட்டுத் தருகிறார்கள். அந்தத் தாளை நான் படித்திருந்தேன். படித்துவிட்டுத்தான் உடைத்தேன் என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

என்னிடமிருந்த அரை அங்குல டார்க் ரெஞ்ச் (குறித்த இறுக்கம் எட்டியதும் ‘டக்’ என்று ஒலிக்கும் திருகி) 28 நியூட்டன் மீட்டரில்தான் தொடங்கும். இந்த வேலைக்கு அது கடப்பாரை மாதிரி. ஆகவே நண்பரிடம் 5 முதல் 50 வரை அளக்கும் சிறிய ரெஞ்ச் ஒன்றை இரவல் வாங்கினேன். மூன்று நாள் காலையும் மாலையும் துருவிளக்கி எண்ணெயைப் பிளக்கின் வேரில் அடித்து ஊறவிட்டேன். பிறகு பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் ஒன்றை இழுத்து, உயிரோடிருந்த மூன்று பிளக்குகளுக்கும் ஒவ்வொன்றாக நான்கு நிமிடம் நேரடியாக மின்சாரம் கொடுத்தேன். கிளாம்ப் மீட்டரில் முதல் நொடியில் மின்னோட்டம் எகிறி, பிறகு பத்து ஆம்பியருக்குக் கீழே இறங்கி நின்றது. பிளக்கைச் சுற்றிப் படிந்திருக்கும் கரியை அதன் சூட்டாலேயே எரித்துத் தளர்த்துவதுதான் இதன் நோக்கம். என் பிளக்குகளின் உடலில் 11 வோல்ட் என்று பொறித்திருந்ததால் இதைச் செய்தேன். பிற்கால வண்டிகளில் வரும் 4.4 வோல்ட் பிளக்குகளுக்கோ பீங்கான் பிளக்குகளுக்கோ இப்படி 12 வோல்ட்டை நேரே கொடுத்தால் முனை அப்போதே கருகிப்போகும்.

இந்த ஏற்பாட்டில் உள்ள கேலி எனக்குப் பிறகுதான் உறைத்தது. கழற்றியே ஆக வேண்டிய பிளக் எதுவோ, அது செத்துப்போனது. செத்த பிளக்கை மின்சாரத்தால் சூடாக்க முடியாது. ஆகவே கரியில் அதிகம் சிக்கியிருக்க வாய்ப்புள்ள ஒன்றுக்கு மட்டும் இந்த வைத்தியம் கிடைக்காது.

எஞ்சினை நன்றாகச் சூடேறவிட்டு நிறுத்தி, ஒன்றாம் எண்ணில் தொடங்கினேன். 18 நியூட்டன் மீட்டரில் கிரீச்சிட்டுக்கொண்டு வந்தது. நான்காவது 20. இரண்டாவது 28 வரை அடம்பிடித்து, முன்னும் பின்னும் கால் திருப்பாக ஆட்டியதில் வந்தது. மூன்றாவது 30இல் ரெஞ்ச் ‘டக்’ என்றது. 35இல் வைத்தேன், மறுபடி ‘டக்’. அங்கே நிறுத்தி, எண்ணெய் விட்டு, மறுநாள் சூட்டோடு சூடாக மறுபடி முயன்றிருக்க வேண்டும். மாலை ஆறரை மணி, மழை தூறத் தொடங்கியிருந்தது, நான்கில் மூன்று வந்துவிட்ட மிதப்பு வேறு. நீளக் கைப்பிடி ராட்செட்டைப் போட்டு ‘இன்னும் ஒரு பொட்டு’ என்று இழுத்தேன். அது நகர்ந்தது. மரை கழல்கிறது என்று ஒரு நொடி மகிழ்ந்தேன். கழன்றால் வரவேண்டிய கிரீச்சு இல்லை; வெண்ணெயில் திருகுவது போன்ற ஒரு மென்மை. சாக்கெட்டைத் தூக்கினால் உள்ளே அறுகோணத் தலை மட்டும் இருந்தது. கழுத்து அறுந்து, மரையும் உடலும் முனையும் ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன. நடுவிலிருந்து மின் தண்டு மட்டும் ஆறு மில்லிமீட்டர் அளவுக்குக் குச்சி போல் நீட்டிக்கொண்டிருந்தது.

ஊரில் உள்ள ஒரு பட்டறையில் விசாரித்தேன். ஹெட்டைக் கழற்றி, கேஸ்கெட் மாற்றி, பிளக்கை வெளியே எடுத்துத் தர 38,000 ரூபாயும் இரண்டு வாரமும் ஆகும் என்றார்கள். அதிலே எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை. அவ்வளவு வேலை அதில் உண்டு. ஆனால் வண்டியின் இன்றைய மதிப்பை எண்ணிப் பார்த்தபோது, நானே ஒருமுறை முயன்று தோற்ற பிறகு அவர்களிடம் போகலாம் என்று தோன்றியது.

முதலில் நடுத் தண்டைக் கிரிப் பிளையரால் பிடித்து மெல்லத் திருகி இழுத்தேன். இருபது மில்லிமீட்டர் நீளத்துக்கு வந்து, அதன் நுனியில் ஒட்டிய வெண்ணிறப் பொடியோடு உடைந்தது. அந்தப் பொடி மக்னீசியம் ஆக்சைடு. சுருளுக்கும் குழாய்க்கும் இடையே மின் காப்புக்காக அடைத்திருப்பார்கள். தண்டு போன இடத்தில் உடலுக்குள் ஒரு துளை கிடைத்தது. அதற்குள் திருகு எக்ஸ்டிராக்டரைப் போட்டு இடப்பக்கம் திருப்பலாம் என்ற ஆசை எனக்கும் வந்தது. பிளக்கின் ஓடு மெல்லியது. கூம்பு வடிவ எக்ஸ்டிராக்டரை உள்ளே அடித்தால் அது ஓட்டை விரித்து மரையை இன்னும் இறுக்கும். எக்ஸ்டிராக்டர் உள்ளேயே முறிந்தால், டிரில் பிட் தொடக்கூட முடியாத கடின எஃகு ஒன்று அங்கே குடியேறிவிடும். அரை மணி நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி பெட்டிக்குள் போட்டேன். இந்தப் பதினொரு நாளில் நான் எடுத்த நல்ல முடிவுகள் இரண்டோ மூன்றோதான். அவற்றில் இது முதலாவது.

அடுத்த நாள், வியாழக்கிழமை, செய்தது அப்படியல்ல. 5 மி.மீ. பிட்டைக் கை டிரில்லில் மாட்டி, கண் அளவிலேயே நேர் பார்த்து, தண்டு இருந்த துளையை விரிவாக்கத் தொடங்கினேன். பிளக் ஹெட்டில் செங்குத்தாக இல்லை, சாய்வாக இருக்கிறது. குனிந்து நின்று டார்ச் வெளிச்சத்தில் பார்க்கும் கண்ணுக்கு அந்தச் சாய்வு சரியாகப் பிடிபடுவதில்லை. பத்து நொடி ஓடியிருக்கும். வெளியே வந்த சீவல்களில் கருப்பு இரும்புக்கு நடுவே வெள்ளி போல் மின்னும் இரண்டு மூன்று துணுக்குகள் இருந்தன. அலுமினியம். பிட் வழுக்கிப்போய் மேல் விளிம்பில் ஹெட்டைக் கடித்திருந்தது. எஃகும் அலுமினியமும் அருகருகே இருக்கும்போது பிட் எப்போதும் மென்மையான பக்கமே சாயும் என்பது தெரிந்த விஷயம்தான், தெரிந்தும் செய்தேன். நல்ல வேளையாக அரை மில்லிமீட்டரோடு நின்றது.

சனிக்கிழமை பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் போனேன். கணபதிப் பக்கம் தொழிற்சாலை வேலையாக முன்பு அடிக்கடி போய்வந்த ஒரு லேத் பட்டறை உண்டு. கையில் மூன்று பொருள்கள்: முழுசாகக் கழன்று வந்த ஒன்றாம் எண் பிளக், உடைந்த தலை, அளவுகள் எழுதிய தாள். உடைந்ததற்கு வரைபடம் எங்கும் தேட வேண்டியதில்லை, கூடப்பிறந்ததே கையில் இருக்கிறது. அறுகோணத்தின் அடியிலிருந்து மரையின் முடிவு வரை 18 மி.மீ, அதற்குக் கீழே மரையில்லாத உடல், விட்டம் 8 மி.மீயைவிடச் சற்றே குறைவு. பிறகு ஹெட்டில் போய் அமரும் கூம்பு. அதற்கும் கீழே 5 மி.மீ. தடிமனில் எரியறைக்குள் நீளும் முனை. பிளக் உட்காரும் பள்ளத்தின் விட்டத்தை ஹெட்டில் நான்கு இடத்தில் அளந்து வைத்திருந்தேன்.

டிரில் பிட் நகராமல் நேராக இறங்க வழிகாட்டும் புஷ் ஒன்று வேண்டும். வெளிச்சுற்று பள்ளத்துக்குள் 0.1 மி.மீ. இடைவெளியில் அமர வேண்டும், உள்ளே 5, 7, 8.8 மி.மீ. துளைகளுடன் மூன்று மாற்று உள்புஷ்கள் வேண்டும் என்று விளக்கினேன். பித்தளையில் போட்டால் சீக்கிரம் முடியுமே என்றும் சொன்னேன். லேத்துக்காரர் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பித்தளை வேண்டாமுங்க, டிரில்லு தின்னு போடும். இஎன்8 போட்டுத் தர்றனுங்க, ரெண்டு மணி நேரம் உக்காருங்க” என்றார். இஎன்8 என்பது பித்தளையைவிடக் கடினமான ஒரு எஃகு வகை. உட்கார்ந்தேன். 700 ரூபாய். இந்த வேலை முழுவதிலும் மிகப் பயனுள்ள செலவு அதுதான். உள்புஷ்களின் மேல்விளிம்பைக் கேட்காமலேயே லேசாகச் சரித்துக் கொடுத்திருந்தார். பிட் உள்ளே நுழையும்போது முட்டாமல் இருக்க அது எவ்வளவு உதவுகிறது என்பதை மறுநாள்தான் உணர்ந்தேன்.

டிரில் போடுவதற்கு முன் மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரெஷன் முடிவில் மேல் நிலைக்குக் கொண்டுவர நினைத்தேன். அப்போது இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். எதுவும் தவறி விழுந்தாலும் பிஸ்டன் தலையின் குழிக்குள்ளேயே கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். இதற்கு வால்வு மூடியைத் திறக்கத் தேவைப்படவில்லை. மற்ற மூன்று துளைகளும் திறந்திருப்பதால், கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றும்போது காற்றை அழுத்துவது மூன்றாம் சிலிண்டர் மட்டும்தான்; கை கனக்கும் இடம் அதன் கம்ப்ரெஷன். இரண்டும் மூன்றும் சேர்ந்தே ஏறி இறங்கும் ஜோடி என்பதால், இரண்டாம் துளையில் ஒரு நீளப் பிளாஸ்டிக் குச்சியை விட்டு, அது மேலே தள்ளப்படுவது நிற்கும் இடத்தில் நிறுத்தினேன். உலோகக் கம்பியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

5 மி.மீ. கோபால்ட் பிட்டில் 40 மி.மீ. ஆழத்துக்கு ஒட்டு டேப் சுற்றி அடையாளம் வைத்தேன். கீழே முனை அடைத்துக்கொண்டிருக்கும் வரை சீவல் எதுவும் சிலிண்டருக்குள் போகாது. ஆகவே அதைத் தொடாமல் விடுவதுதான் கணக்கு. பிட்டின் நுனியில் கிரீஸ் தடவி, மிகக் குறைந்த வேகத்தில், மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி கிரீஸ் தடவி இறக்கினேன். கிரீஸில் ஒட்டி வரும் சீவல் கம்பளிப்பூச்சி போல் சுருண்டிருக்கும். பிறகு 7 மி.மீ, இது மரையின் முடிவான 18 மி.மீ. வரை மட்டும். கடைசியாக 8.8.

எம்10, பிட்ச் 1 மரைக்கு முதல் துளை 9.0 மி.மீ. போடுவது வழக்கம். நான் வேண்டுமென்றே 0.2 குறைத்துக்கொண்டேன். 8.8 இறங்கி முடித்தபோது பிளக்கின் மரை ஓடு காகிதம் போல மெலிந்து, ஹெட்டின் மரைப் பள்ளங்களுக்குள் மட்டும் ஒட்டியிருந்தது. வளைந்த ஊசி ஒன்றால் மேல் நுனியை நெம்பி, மெல்லிய இடுக்கியால் பிடித்து உள்நோக்கிச் சுற்றினேன். பேனாவின் ஸ்பிரிங் மாதிரி ஒரே சுருளாக ஏழு சுற்று வந்து அறுந்தது. மீதியை எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்தச் சுருளைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். அதன் ஒரு பக்கத்தில் முதல் இரண்டு சுற்று மட்டும் இல்லை. வியாழக்கிழமை பிட் கடித்த இடம் அது.

மரை போய்விட்டது, இனி உடல் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். உடலில் ஏற்கெனவே இருந்த 5 மி.மீ. துளையில் எம்6 மரைவெட்டி (டேப்) போட்டு மரை வெட்டி, எம்6 கம்பியைத் திருகி, அதன் மேல் இரண்டு கிலோ எடையைச் சறுக்கி மேல்நோக்கி அடிக்கும் ஸ்லைடு ஹாமர் ஒன்றைத் தொழிற்சாலைக் கழிவு இரும்பில் செய்துகொண்டேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு மாலையும் நாற்பது அடி. கரி கரைப்பான் ஊற்றி இரவு முழுக்க ஊறவைத்து மறுபடி நாற்பது. ஒரு மயிரிழை அசையவில்லை. ஐந்தாம் நாள் கம்பியின் மரை நீள்வதைப் பார்த்து நிறுத்தினேன். அடிக்கு அடி வரும் அதிர்ச்சி, மெல்லிய ஓட்டில் வெட்டிய மரையைத்தான் தின்றுகொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒருவர், இன்ஜெக்டரை மாட்டியபடியே ஸ்டார்ட்டரைச் சுற்றினால் கம்ப்ரெஷனே அதை வெளியே தள்ளிவிடும் என்று யோசனை சொன்னார். தள்ளவும் கூடும். மரை இல்லாமல் வெறும் கரியால் பிடிபட்டிருக்கும் ஓர் எஃகுத் துண்டு, தளரும் அந்த நொடியில் துப்பாக்கிக் குண்டு போலக் கிளம்பும். பானெட்டையோ முகத்தையோ அது பார்ப்பதில்லை. இது எனது இரண்டாவது நல்ல முடிவு.

மறுபடி சனிக்கிழமை, மறுபடி அதே லேத். இம்முறை அடிப்பதற்குப் பதிலாக இழுக்கும் குழாய் ஒன்று செய்துகொண்டேன்: வெளி விட்டம் 30 மி.மீ, நீளம் 60, உள் துளை 12. அடிப்பக்கம் ஹெட்டின் சமதளத்தில் அமரும்படி தீட்டியது. எம்6 கம்பி 12.9 என்ற உயர்வலிமைத் தரத்தில், ஆலன் போல்ட்டின் தலையை அறுத்துச் செய்தோம். குழாய் வழியாக மேலே வரும் கம்பியில் வாஷரும் நட்டும் போட்டு இறுக்கினால் உடல் மேலே இழுபடும். கம்பியின் மேல் நுனியில் இரண்டு பக்கமும் தட்டையாகச் செதுக்கித் தரச் சொன்னேன். அது இல்லாவிட்டால் நட்டோடு கம்பியும் சேர்ந்து சுற்றி, உடலுக்குள் இன்னும் கீழே இறங்கி அதை வெடிக்கச் செய்யும். 500 ரூபாய்.

ஞாயிறு மதியம் நட்டை 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினேன். எம்6 கம்பியில் அது சுமார் அரை டன் இழுவிசை. அப்படியே விட்டு, பிளாஸ்டிக் குழாய்களை ஈரத்துணியால் மூடிவிட்டு, துளையைச் சுற்றியுள்ள ஹெட்டை வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சூடாக்கினேன். எஃகைவிட அலுமினியம் சூட்டில் அதிகம் விரியும் என்பதால், துளை உடலைவிட வேகமாகப் பெரிதாக வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானி 90 டிகிரி காட்டியபோது, நட்டைத் தொட்டுப் பார்த்தேன், தளர்ந்திருந்தது. அதாவது உடல் நகர்ந்திருக்கிறது. மறுபடி 6. மறுபடி சூடு. மூன்றாம் முறை இறுக்கும்போதுதான் தொடக்கத்தில் சொன்ன சத்தம்.

வெளியே வந்தது மூன்று பாகமாக இல்லாமல் ஒரே துண்டாக வந்ததில்தான் எனக்குப் பெரிய நிம்மதி. முனையின் குழாய் நிக்கல் கலப்பு உலோகம், காந்தத்தில் ஒட்டாது. அது மட்டும் முறிந்து உள்ளே விழுந்திருந்தால் காந்தக் குச்சியை வைத்துக்கொண்டு தேடியும் பயனில்லை. துடைத்து அளந்தேன். 5.0 இருக்க வேண்டிய முனை கடைசி நான்கு மில்லிமீட்டரில் 5.3 ஆக ஊதியிருந்தது. அதற்கும் கூம்புக்கும் இடையே கரி, காய்ந்த வெல்லப்பாகு போல் பளபளப்பாகவும் கல் போல் கெட்டியாகவும் அடைத்திருந்தது. மரையைப் பற்றியே அத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன். பிடித்துக்கொண்டிருந்தது மரையே அல்ல.

மீதி வேலை துப்புரவுதான், ஆனால் அவசரப்படக்கூடாத துப்புரவு. கரி நீக்கும் ரீமரில் கிரீஸ் தடவி வலப்பக்கமாக மட்டும் சுற்றித் துளையைச் சுத்தம் செய்தேன். எம்10 மரைவெட்டியை விரலாலேயே இறக்கிப் பழைய மரையைத் தொடர்ந்தேன். மேலே இரண்டு சுற்று ஒரு பக்கம் பலவீனம், கீழே எல்லாம் நன்றாக இருந்தன. தேவைப்பட்டால் மரைக்கு இன்செர்ட் (புதிய மரைச் செருகு) போடலாம் என்று வைத்திருந்த எண்ணத்தைக் கைவிட்டேன். மீன்தொட்டிக் குழாய் ஒன்றை வாக்கூம் கிளீனரின் வாயில் டேப்பால் ஒட்டிச் சிலிண்டருக்குள் விட்டு உறிஞ்சினேன். போரோஸ்கோப்பில் (துளைக்குள் விட்டுப் பார்க்கும் சிறு கேமரா) பார்த்தால் பிஸ்டன் குழியில் கரித்தூளும், நடுவில் ஒரே ஒரு அலுமினியத் துணுக்கும் மினுக்கின. கம்பியின் நுனியில் கிரீஸ் தடவி அதை ஒட்டி எடுத்தேன். பிறகு இன்ஜெக்டர்களுக்குப் போகும் ஒற்றைக் கனெக்டரைக் கழற்றிவிட்டு, துளைகளின் மேல் பழைய துணியைப் போட்டு, ஐந்து நொடி ஸ்டார்ட்டரைச் சுற்றினேன். துணியில் புகைக்கரி தவிர வேறு எதுவும் இல்லாத வரை மூன்று முறை.

புதிய பிளக் நான்கையும் மாட்டுவதற்கு முன் மின்தடை பார்த்து, மரையில்லாத உடல் பகுதியில் மட்டும் வெப்பம் தாங்கும் கிரீஸ் மெல்லியதாகத் தடவி, கூம்பும் முனையும் சுத்தமாக இருக்கும்படி கையால் திருகி, 15 நியூட்டன் மீட்டரில் இறுக்கினேன். எஞ்சினை ஓடவிட்டு மூன்றாம் பிளக்கின் வேரில் சோப்புத் தண்ணீர் விட்டேன், குமிழி இல்லை. மறுநாள் காலை ஆறு பத்துக்கு வெளியே 4 டிகிரி. டாஷ்போர்டில் சுருள் விளக்கு எரிந்து அணைந்ததும் சாவியைத் திருப்பினேன்; அரைச் சுற்றில் பிடித்தது. புகை இருந்தது, கொஞ்சமாக.

செலவு: பிளக் நான்கு 3,400, துருவிளக்கி எண்ணெயும் கரி கரைப்பானும் 760, லேத் இரண்டு முறை சேர்த்து 1,200, கோபால்ட் பிட் மூன்று 780, எம்10 மரைவெட்டி செட் 520, போரோஸ்கோப் 1,450, எம்6 கம்பி, வாஷர், நட் 350, ரீமர் 900. ஆக 9,360 ரூபாய், பஸ் கட்டணம் நீங்கலாக. இதில் 5,960 ரூபாய், 35 நியூட்டன் மீட்டருக்கு மேல் நான் இழுத்த அந்த ஒரு பொட்டுக்கான கட்டணம் என்று சொன்னால் முழுக்கச் சரியாகாது. முனை ஊதியிருந்ததால் எப்படியும் உடைந்திருக்கும். ஆனால் எப்படியும் உடையும் என்று தெரிந்திருந்தால் புஷ்ஷையும் இழுக்கும் குழாயையும் முதல் நாளே செய்துவைத்திருப்பேன், ஸ்லைடு ஹாமரில் ஐந்து மாலைகள் போயிருக்காது. அடுத்த முறை மின்தடை காட்டாத பிளக்கைத் தொடுமுன் அந்த இரண்டும் மேசை மேல் இருக்கும். மூன்று நாள் ஊறலைப் பத்து நாளாக்குவேன். அந்த நாள்களில் வண்டியை வழக்கம்போல் ஓட்டிச் சூடும் குளிரும் மாறி மாறிப் படவிடுவேன். சிறிய டார்க் ரெஞ்ச் ஒன்றைச் சொந்தமாக வாங்குவேன், நீளக் கைப்பிடி ராட்செட் வேறு அறையில் இருக்கும்.

மார்ச் மாதத்தில் மூன்றாம் எண்ணை மட்டும் ஒருமுறை கழற்றிப் பார்க்கப் போகிறேன். 15இல் இறுக்கியது எத்தனையில் கழல்கிறது என்ற எண்ணைப் பானெட்டின் உட்புறம் மார்க்கரால் எழுதி வைப்பதாக இருக்கிறேன்.